குதிரை நிற்கும் இடம்

அன்று இரங்கல் கூட்ட மேடையில் நான் சொல்லாதது இது: டாக்டர் ஜீவந்தரனோடு கடைசி இரண்டு சவாரிகளிலும் எண்களைத் தவிர வேறெதுவும் நான் பேசவில்லை. குதிரையின் இதயத் துடிப்பை எண்ணி ‘ஐம்பத்தெட்டு’, ‘அறுபத்திரண்டு’ என்பேன், அவர் எழுதிக்கொள்வார். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கடைசிவரை கேட்கவில்லை. சொன்னது கீழே இருக்கிறது.

*

தலைமை ஏற்றிருக்கும் அரிசி ஆலை உரிமையாளர் ஜெகநாதன் அவர்களே, அப்பாவை இழந்து நிற்கும் வர்ஷா அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, குதிரைக்காரர்களே, வணக்கம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் முறை வருவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். சற்று முன் தலைவர் சொன்னார்: “இனிமே துடிப்பு கிடிப்புன்னு யார் பாக்கப் போறாங்க? டாக்டர் பேர்லயே ரேஸா வுட்டுடலாம், ஜனம் கூடும்.” நீங்கள் கை தட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் அஞ்சலி செலுத்த முடியாது.

கால்நடை மருத்துவர் ஜீவந்தரன் அவர்கள் ஒன்பது ஆண்டுகள் நடத்தியது ரேஸா? நாற்பது கிலோமீட்டர் நெடுந்தூரச் சவாரி. பாதி வழியில் ஏரிக்கரையில் ஒரு மேசை. வந்து நின்ற இருபது நிமிடத்துக்குள் குதிரையின் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்து நான்காக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அதோடு சரி. முடிவிலும் அதே சோதனை. முதலில் வருவது பெரிதில்லை, நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

முதல் வருடம் முள்ளிப்பட்டு சடையன் அண்ணன் கேட்டது நினைவிருக்கிறதா? “என்னா டாக்டரே, குதிர ஓடும்னு வந்தா, ஆஸ்பத்திரி மாதிரி வரிசையில நிக்க வச்சிகினு கீறீங்க?”

டாக்டர் தலை நிமிரவில்லை. “ஓடறத பாக்க போன்ல ஆயிரம் இருக்குபா. நிக்கறத பாக்கத்தான் உன்ன கூப்ட்டேன். சத்தம் போடாத, எண்ணிகினு இருக்காங்க.”

அரை மணியில் சடையன் அண்ணன் வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. சவாரி செய்பவர்கள் கடைசி அரை கிலோமீட்டர் இறங்கி, குதிரையோடு நடந்தே வருவார்கள். சேணத்தைக் கழற்றிக் கழுத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். நாங்கள் எண்ணும் அந்த ஒரு நிமிடம் நூறு பேர் பேசாமல் நிற்பார்கள், யாருடையதென்றே தெரியாத ஒரு குதிரைக்காக. எந்த ரேஸில் இது கிடைக்கும்?

சவாரிக்கு ஒரு வாரம் முன்பே டாக்டர் தெருத்தெருவாக நடப்பார். சவாரியன்று காலை எந்தத் தெருவில் தறிக்கான பாவு நூலை விரிப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அந்தத் தெருவை விட்டு வழியை மாற்றுவார். ஒன்பது ஆண்டில் உங்களில் யாருக்காவது ஓர் இழை அறுந்ததா?

என்னையும் நிறுத்தினார். ஏழாவது சவாரி. ஏரிக்கரைக்கு முதலில் வந்தது நான். இருபது நிமிடம் முடிந்தபோது துடிப்பு அறுபத்தெட்டு.

“சார், நாலுதானே சார்.”

“உனக்கு நாலும்மா. அதுக்கு இல்ல.”

கத்தினேன். பொறாமை பிடித்தவர் என்றேன். உங்களில் பலர் கேட்டீர்கள். மறுநாள் என் குதிரை வலது முன்காலை ஊன்றவில்லை. இன்னும் இருபது கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருடம் அவர் மேசைக்குப் போய் நின்றேன். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் கொடுத்தார்.

நான் மருத்துவர் இல்லை. எண்ணத் தெரியும், நிறுத்தவும் கற்றுக்கொண்டேன். செய்யாற்றிலிருந்து கால்நடை மருத்துவர் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்தாவது சவாரி தை மாதம் நடக்கும். மேசையோடு நடக்கும். கூட்டம் வராவிட்டாலும் நடக்கும்.

தலைவர் அவர்களே, ரேஸ் நடத்துவது உங்கள் விருப்பம். ஆனால் மேசை இல்லாத இடத்தில் டாக்டர் ஜீவந்தரன் பெயரைப் போடாதீர்கள். மாலை போடுவதைவிட இதைக் கேட்பதுதான் இன்று எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

*

தை முதல் ஞாயிறு ஜெகநாதன் ரேஸ் நடத்தினார். பெரிய கூட்டம். சுவரொட்டியில் டாக்டர் பெயர் இல்லை. இரண்டு வாரம் கழித்து எங்கள் சவாரிக்கு ஐந்து குதிரைகள் வந்தன. மூன்று முடித்தன. இரண்டை நான் நிறுத்தினேன்.