ஹில்டா கேட்ட முதல் நிகழ்ச்சி

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத்தலைவர்களே, ராயபுரத்திலிருந்து வந்திருக்கும் ஹில்டாவின் குடும்பத்தாரே, கடைசி வரிசையில் இடம் காட்டப்பட்டு அமர்ந்திருக்கும் முகத்துவாரக்குப்பத்து மக்களே, மாணவர்களே, வணக்கம்.

நம் பேராசிரியர் ஹில்டா யேசுதாஸின் படத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. அதற்குப் பின்னால் இருப்பது 'உலகமே நம் வளாகத்தில்' என்ற பதாகை. வரும் வெள்ளிக்கிழமை பன்னாட்டுப் பண்பாட்டு விழா. ஓர் இரங்கல் கூட்டத்துக்காக அதைக் கழற்றி மாட்டுவது வீண் வேலை என்று விழாக்குழு துணியைப் போர்த்திவிட்டது. மின்விசிறிக் காற்றில் துணி விலகும்போதெல்லாம் ஹில்டாவின் தலைக்கு மேல் ஓர் ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்க்கிறது.

இந்த விழாவைப் பல ஆண்டுகள் நடத்தியவர் ஹில்டா. துறைமுகத் தொழிலாளியின் மகள். ஜப்பான் விசிறியும் ரஷ்யத் தொப்பியும் ஹவாய்ப் பாவாடையும் நமக்கு வாடகைக்கு வரும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை மட்டும் வாடகையில்லாமல் வந்துபோகும்.

சென்ற ஆண்டு ஹில்டா மருத்துவமனையில் இருந்தபோது, ஆப்பிரிக்க நடனத்துக்கு முகத்துவாரக்குப்பத்து மாணவி ஆன்சியையும் அவள் தோழிகளையும் குழு தேர்ந்தெடுத்தது. நன்றாக ஆடுவார்கள் என்பதாலா? விழா முடிந்தபின் திரும்பி வந்த ஹில்டாவிடம் குழுவினரில் ஒருவரே காரணம் சொன்னார்: "இந்தப் பொண்ணுங்கன்னா மேக்கப் செலவு மிச்சம், மேடம்."

கோபம் வந்தால் ஹில்டா வகுப்பறைத் தமிழைக் கழற்றி வைத்துவிடுவார். "அப்டியா சார்? அப்போ ஸ்வீடன் ஆட்டத்துக்கு நீ நில்லு. மைதா மாவு நா வாங்கியாறேன்."

ஆன்சியின் அப்பா சாவியோ, மீன்பிடிப்பவர். அந்த விழாவுக்காகத் தொழிலுக்குப் போகாமல், இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். இலைப் பாவாடையோடு இறங்கிவந்த மகளிடம் கேட்டார்: "இன்னாமே இது, எந்த ஊரு ஆட்டம்?"

"ஆப்பிரிக்கா, நைனா."

"சர்தான். நம்ம ஊரு எப்போ வரும்?"

அப்போது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆன்சி இதைச் சொல்லக் கேட்ட நாளிலிருந்து ஹில்டாவுக்கு வேறு வேலை இல்லை. குப்பத்து மாதா திருவிழாவில் அந்தப் பெண்கள் ஆடும் ஆட்டமே இந்த ஆண்டின் முதல் நிகழ்ச்சி என்றார். விருந்தினர்களுக்கு அது அந்நியமாக இருக்குமே என்று குழு கவலைப்பட்டது. பன்னாட்டு விழாக் குழுவுக்கு வந்த கவலை இது. நடக்கவே சிரமப்பட்ட ஹில்டா மாடியேறிப் போய் இயக்குநரிடம் சம்மதம் வாங்கிவந்தார்.

சென்ற வாரம் அவரை அடக்கம் செய்தோம். மறுநாளே நிகழ்ச்சி நிரல் மாறியது. அந்த ஆட்டம் மதிய இடைவேளைக்குப் போயிற்று. விருந்தினர்கள் சாப்பிடும் அறைக்கு மேளச் சத்தம் கேட்காது. மாலையில் அதே பெண்கள் மறுபடியும் ஆப்பிரிக்கா. ஈடாக, சற்றுமுன் ஹில்டா நினைவுச் சுழற்கோப்பை அறிவிக்கப்பட்டது. எதற்கு? சிறந்த அயல்நாட்டு நடனத்துக்கு.

இங்கே துயரப்படுவதுதான் முறை. எனக்கும் துயரம் உண்டு. ஆனால் அந்தக் கோப்பை எதற்கென்று கேட்டபின் என்னால் அழ முடியவில்லை. மன்னியுங்கள்.

"ஹில்டா விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம்" என்று இயக்குநர் பேசினார். அதை நான் சொல்லுக்குச் சொல் நம்புகிறேன். நேற்று என்னை விழா ஒருங்கிணைப்பாளராக நியமித்தவரும் அவரே. தமிழ்த்துறைக்காரன் தொந்தரவு தரமாட்டான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனவே என் உறுதிமொழி இது. வெள்ளிக்கிழமை திரை விலகும்போது அங்கே ஆன்சி நிற்பாள். எந்த நாடாகவும் இல்லை, முகத்துவாரக்குப்பமாக. இதில் சம்மதம் இல்லாதவர்கள் வேறொரு ஒருங்கிணைப்பாளரை இப்போதே, ஹில்டாவின் படத்துக்கு முன்னால் நின்று, அறிவித்துவிடலாம். யோசிப்பதற்கு மௌன அஞ்சலி நேரம் இருக்கிறது.

எழுந்து நிற்பதற்கு முன் கடைசி வரிசைக்கு ஒரு வார்த்தை. சாவியோ அண்ணே, நம்ம ஊரு முதல்ல வருது. நேரத்தோட வந்து முன்னாடி உக்காருங்க.