டிஷ்யூ பாக்கெட் வச்ச நாற்காலி

—அதை எடுக்காதீங்க, குவெக் பாஸ். சாப்பிட வந்த யாரோ டிஷ்யூ பாக்கெட் வச்சு இடம் பிடிச்சிருக்காங்க. சிங்கப்பூர்லயே பொறந்தவர் நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?

—வந்தா பாத்துக்கலாம் லா. உக்காரு, ஹஃபீஸா. என்ன, புது பாஜு குரோங் உடுப்பு? நேத்தும் அரை நாள் லீவு. கல்யாணமா?

—அப்படித்தான் வச்சுக்கங்க. கூப்பிட்ட விஷயம்?

—ஒசாகா கஸ்டமரோட தராசு. மூணு கிலோ இறாலைப் போட்டா முப்பதுன்னு காட்டுதாம். நிரலைச் சில்லுக்குப் புரியற கட்டளையா மாத்துற நம்ம கம்பைலர் பெருக்கலைத் தப்பா எழுதிக் கொடுக்குது. அந்தப் பெருக்கல் விதி நீ எழுதினது.

—எழுதினது நான்தான்.

—நாளைக்கு அவங்க வர்றாங்க. ‘தப்பு என்னோடது’ன்னு எழுந்து நின்னு சொல்லிடு. சின்னப் பொண்ணு, நாசி லெமாக் சோத்துக்கடைக்காரம்மா மக, வீட்லயே முதல் பட்டதாரி. பாவம்னு விட்டுடுவாங்க லா.

—எங்கம்மா சோத்துல கல் கிடந்தா இலை மேல பழி போட மாட்டாங்க, பாஸ். சரி, தப்பு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே?

—அதையும் நீயே சொல்லு. எஞ்சினியர் இல்லாத ஆளுக்கும் புரியணும்.

—தராசுல இருக்கிற கணினிச் சில்லுக்குள்ள, எண்கள் உக்கார ரிஜிஸ்டர்னு கொஞ்சம் நாற்காலி இருக்கு. அதுல ஒண்ணுல பெருக்க வேண்டிய எண் உக்காந்திருக்கு. இந்தச் சில்லு விடையில பாதியை முதல்லயே எழுதிட்டு, அப்புறம் அந்த எண்ணை இன்னொரு தடவை பாக்கும். அதனால, ‘இவன் எழுந்திருக்கிற வரைக்கும் விடையை இங்க உக்கார வைக்காதே’ன்னு விதியில ஒரு குறி போட்டேன். இந்த டிஷ்யூ பாக்கெட் மாதிரி.

—அப்புறம்?

—ஒருத்தர் அதை எடுத்துட்டார். ஒரு நாற்காலி மிச்சமாம், வேகம் கூடுமாம். இப்ப பாதி விடை அந்த எண் மேலயே உக்காந்து அதை அழிச்சிடுது. ஆபீஸ் கூட்டத்துல அவரே மேடையேறிச் சொன்னார், எல்லாரும் கை தட்டினோம். அதுக்குக் கிடைச்ச கேடயம் உங்க மேஜை மேலதான் இருக்கு.

—பழைய கதை. நான் சொல்றபடி செஞ்சா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா ப்ரொபேஷனோட கிளம்பு.

—காலையில என் நாற்காலியில, என் இடத்துக்கு நீங்க எடுத்த வெய் லூனோட பை இருந்துச்சே? நான் இன்னும் எழுந்திருக்கவே இல்ல. அதுக்குள்ள விடை வந்து உக்காந்தாச்சு. சில்லுன்னாலும் ஆளுன்னாலும் உங்களுக்கு ஒரே புத்திதான்.

—வாய் ஜாஸ்தி உனக்கு. நாளைக்குக் கூட்டத்துல இருப்பியா, மாட்டியா?

—இருப்பேன். ஒசாகாக்காரங்க பக்கம் ஒரு நாற்காலி கூடப் போடச் சொல்லுங்க. நேத்துதான் அங்க வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். டிஷ்யூ பாக்கெட் நானே கொண்டு வரேன்.