முடித்து வைக்காதீர்கள், காத்திருங்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் அம்மா அவர்களே! இழந்த சொல்லை ஒவ்வொன்றாக மீட்டுத்தரும் பேச்சுப் பயிற்சியாளர் அவர்களே! பெரியோர்களே! வீட்டில் இன்னொருவருக்கும் சேர்த்துப் பேசிப் பேசிக் களைத்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, நெஞ்சு நிறையச் சொல் இருந்தும் நாவில் ஒன்று வராமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே! அனைவரையும் வணங்குகிறேன்.

என் கணவர் பயிற்சிப் பள்ளி வைத்துக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, பயந்து நடுங்குபவர்களையும் பேசிப் பேசியே சாலையில் செலுத்தியவர். ஒருநாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சரிந்தார். பக்கவாதம்! வலக்கை விழுந்தது, வார்த்தையும் விழுந்தது. மருத்துவமனையில் கண் விழித்தவரிடம் மிஞ்சியது ஒரே சொல். என் பெயரா? பெற்ற மகளின் பெயரா? இல்லை. "பிரேக்!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான். தண்ணீருக்கும் பிரேக், தலையணைக்கும் பிரேக், தாங்காத வலிக்கும் பிரேக். ஊசியோடு வந்த நர்ஸ் நடு அறையில் நின்றேவிட்டார்!

பிறகு அவருடைய அண்ணன் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "இனிமே இவன்கிட்ட கேட்டு என்னம்மா ஆகப்போகுது? புத்தி போயிருச்சு. பயிற்சிப் பள்ளிய மூடிரு."

திரும்பிப் பார்த்தேன். கணவர் கண்ணில் நீர். இடக்கையால் கட்டில் கம்பியை ஓங்கித் தட்டினார். "பிரேக்! பிரேக்!"

ஐயா, போனது சொல்லா, புத்தியா? கதவு திறக்கவில்லை என்றால் வீட்டுக்குள் ஆளே இல்லை என்று பொருளா?

"மாமா, அவருக்கு எல்லாம் புரியுது. அவரப் பத்திப் பேசாதீங்க, அவர்கிட்ட பேசுங்க" என்றேன். அண்ணன் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

வீடு திரும்பினோம். இதோ அமர்ந்திருக்கிறாரே, இந்தப் பயிற்சியாளர் எங்களுக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: "அவர் வார்த்தைய யாரும் முடிச்சு வைக்காதீங்க. காத்திருங்க."

காத்திருப்பது எளிதா? தண்ணீர் டம்ளரோடு நிற்கிறேன். "ச... பி... த..." என்று திணறுகிறார். முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. "குடுத்துரும்மா, பாவம்மா!" என்று மகள் அழுகிறாள். என் நாக்கு நுனியில் அந்தச் சொல் துடிக்கிறது. விழுங்கிக்கொண்டு நிற்கிறேன்.

"தண்ணி."

வந்துவிட்டது! குடிக்க மறந்து சிரித்தார் மனிதர்.

எல்லாம் திரும்பிவிட்டதா? இல்லை. இன்றும் என்னை "டாக்டர்" என்கிறார். டாக்டரை "ஏம்மா, இங்க வா" என்கிறார். தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார்கள், பாருங்கள்!

போன வாரம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் போன் அடித்தது. இறங்கி வருவதற்குள் அவரே எடுத்துவிட்டார். அண்ணன்தான். எடுத்தது நான் என்று நினைத்துக்கொண்டு அவர் பேசுவது ஸ்பீக்கரில் கேட்டது: "என்னம்மா, கேக்குதா? ஹலோ?" இவர் சொல்லைத் தேடுகிறார், தேடுகிறார். அண்ணன் வைத்துவிட்டார். நான் கையை நீட்டினேன். போனைத் தரவில்லை. இடக்கை விரலால் தட்டுத்தடுமாறி அவரே திரும்ப அழைத்தார்.

"சொல்லும்மா."

"நா..."

மறுமுனை அடங்கியது. இந்த முறை அண்ணன் வைக்கவில்லை.

"நா... நான்... நான்தான்."

பிறகு உடைந்த குரலில், "தெரியுதுடா. மெதுவாச் சொல்லு, நான் இருக்கேன்" என்றார் அண்ணன்.

அவையோரே! உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு சொல்லுக்காகத் தவித்தால் முந்தாதீர்கள், முடித்து வைக்காதீர்கள், முகத்தைத் திருப்பாதீர்கள். எதிரில் அமருங்கள். அவர் வந்துகொண்டிருக்கிறார்.

பொறுமையாகச் செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.