இருநூறு சில்லு

கத்தாதீங்க, உள்ள பொம்பளைங்க இருக்காங்க. எங்கப்பா வீட்ல இல்ல. படகு பிடிக்கத் துறைமுகத்துக்குப் போயிருக்கார். பத்து நாளுக்குள்ள ஏதென்ஸை விட்டுக் கிளம்பணும், பத்து வருஷத்துக்குத் திரும்பக் கூடாது. நேத்து ஊரே பானைச் சில்லுல அவர் பேரைக் கீறிப் போட்டுட்டு வந்திருக்கு. இதுல என்னைப் பிடிச்சு உலுக்கி என்ன ஆகப்போகுது? கையை எடுங்க முதல்ல.

நீங்க கொடுத்தனுப்புன சில்லா? அதை அப்புறம் சொல்றேன். முதல்ல வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

மரியாதையா? சரி, எப்படிக் கூப்பிடணும் உங்களை? அத்தான்னா? எங்கப்பாவை விட ரெண்டு வயசு மூப்பு நீங்க. என் தங்கச்சி மெலித்தாவுக்குப் பதினாலு. போன மாசம் இதே வீட்ல, விருந்துல சாஞ்சு படுத்து ஆலிவ் கொட்டையைத் துப்பிக்கிட்டே பேசி முடிச்சீங்களே. சபையில உங்க ஆளுங்க அப்பா பக்கம் நிக்கணும், அதுக்கு எங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வரணும். எந்தக் கப்பலுக்கு எத்தனை துடுப்புன்னு மூச்சு விடாம சொல்ற எங்கப்பா, நீங்க மக வயசைக் கேட்டதும் திரும்பி என்னைப் பாத்தார். நான்தான் சொன்னேன். அவளுக்கு விஷயம் தெரிஞ்சது எப்படின்னு நினைக்கிறீங்க? கிண்ணம் கழுவ வந்தவ சொல்லித்தான்.

அழுதாளான்னு உங்களுக்கு எதுக்கு? பொம்மையெல்லாம் கூடையில வச்சுக் கட்டுனா, ஆர்ட்டெமிஸ் கோயில்ல கொடுக்க. கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாப் பொண்ணும் கொடுக்கிறதுதான். ஆனா இவ கட்டுவா, அவுப்பா, ஒண்ணை வெளிய எடுத்து மடியில வச்சுக்குவா, திரும்பக் கட்டுவா. அஞ்சு நாளா இதே வேலை.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, கூட வந்த ரெண்டு பேருக்கும் கேக்கட்டும். ஊரு துரத்துனவன் மக உங்க வீட்டுக்கு வேண்டாம். அவ்வளவுதானே? நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்கல்ல? நாளைக்கு யாராச்சும் கேட்டா, முறிச்சது நாங்க இல்ல, இந்த அர்க்கிப்போஸ்தான்னு சொல்லணும். அந்தா இருக்கு நீங்க கொடுத்த கம்மல் பெட்டி. எடுத்துக்குங்க. திறந்துகூடப் பாக்கல அவ.

ஏன் சிரிக்கிறேனா? நில்லுங்க, இப்ப சொல்றேன்.

ஹெகேமோன் பேரைக் கீறி இருநூறு சில்லு அனுப்புனீங்க. அந்தாளைத் துரத்திட்டா அப்பாவுக்கு எதிரியே இல்லன்னு கணக்கு. கடைசியில ஹெகேமோனை விட வெறும் நூத்தி முப்பது சில்லு அதிகம் விழுந்ததாலதான் அப்பாவைத் துரத்துனாங்க. தெரியும், எண்ணும்போது அங்கதான் நின்னேன். அவர் மூஞ்சியைப் பாக்க முடியல. அப்பாதானே.

அவர்கிட்ட நீங்க போய்க் கோள் மூட்ட வேண்டாம். படகு ஏறுறதுக்குள்ள நானே சொல்லிடுவேன். அடிச்சாலும் சரி.

படிப்பை விட்டு ஊர் சுத்துறவனுக்கு இந்த வேலையாவது வருதா பாப்போம்னு அப்பா அந்தச் சில்லு மூட்டையை என் தோள்ல ஏத்துனார். விடிஞ்சதும் சந்தை வாசல்ல நின்னு, எழுதத் தெரியாத குடியானவங்க கையில ஆளுக்கு ஒண்ணு கொடுக்கணும்னார். மூட்டை எங்க கொல்லைக் கிணத்துல கிடக்கு. ஒருத்தன் கையிலயும் கொடுக்கல.