அறைக்கு நாலு பேர்

ஆமத்தூருக்குச் சாலை பிரியும் விலக்கில், படுக்கையில் விழுந்தவர்களை வருசக்கணக்கில் வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி. தலைமைச் செவிலியர் லட்சுமிகாந்தத்தின் அறை. எதிரே, எட்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த செவிலியர் அருணாதேவி.

லட்சுமிகாந்தம்: கையெழுத்து உன்னுதுதானே?

அருணாதேவி: என்னுதுதான்க்கா.

லட்சுமிகாந்தம்: நாலு நாளா எழுதியிருக்க. ‘ஏழாம் அறை பெத்தணன், இடது கை கட்டிலோடு கட்டப்பட்டது.’ இப்பத்தான் பார்த்துட்டு வாரேன். மணிக்கட்டுல ஒரு தடம் இல்ல.

அருணாதேவி: லேசாத்தான்க்கா கட்டுனேன்...

லட்சுமிகாந்தம்: கட்டுத்துணி மடிப்புக் கலையாம அலமாரியில இருக்கு.

அருணாதேவி: அது வந்துக்கா...

லட்சுமிகாந்தம்: பேசு அருணா. நர்ஸை அடிச்சாருன்னு நோட்டுல ஏறியிருக்கு, அதுக்குத்தான் கையைக் கட்டி வைக்கச் சொன்னது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு மேனேஜர். நீ பொய் எழுதுனது தெரிஞ்சா உன்னையும் சேர்த்து அனுப்பிருவாரு.

அருணாதேவி: அனுப்பட்டும்க்கா. ஆனா அவர் அடிக்கிற ஆளு இல்ல.

லட்சுமிகாந்தம்: வாதம் வந்து பேச்சுப் போன மனுசன். உன்கிட்ட மட்டும் சொன்னாராக்கும்?

அருணாதேவி: அவுக வீட்டம்மா சொன்னாக. ஞாயித்துக்கிழமை அவுக ஊரு ஏழாயிரம்பண்ணைக்குப் போயிருந்தேன்.

லட்சுமிகாந்தம்: லீவு நாள்ல நோயாளி வீட்டுக்கா? யாரு உன்னைய...

அருணாதேவி: யாரும் போகச் சொல்லலக்கா. இங்கன நாப்பது பேருக்கு ரெண்டு நர்சு. துடைச்சுவிட்டு, மாத்திரை குடுத்து, துணி மாத்துறதுக்குள்ள பொழுது போயிருது. உக்காந்து ஒரு வார்த்தை கேக்க எங்க நேரம்? சர்க்கரை எம்புட்டு, பிரசர் எம்புட்டுன்னு எல்லாம் நோட்டுல இருக்கு. ஆளு யாருன்னு ஒரு வரி இல்ல.

லட்சுமிகாந்தம்: எனக்குத் தெரியாதா? ஆள் கேட்டு மூணு தடவை எழுதிட்டேன்... சரி, அந்தம்மா என்ன சொன்னாக?

அருணாதேவி: மாரித்தாய்னு பேரு. இவரு பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற அறையில இருந்தவராம். இருபத்திரண்டு வருசம்.

லட்சுமிகாந்தம்: அதுக்கும் இதுக்கும்...

அருணாதேவி: இருங்கக்கா. நம்ம ஆஸ்பத்திரிச் சட்டையப் போட்டுவிட்டா கிழிச்சு எறிஞ்சாருல்ல?

லட்சுமிகாந்தம்: திமிருன்னு நினைச்சேன்.

அருணாதேவி: மருந்தறைக்குள்ள பருத்தித் துணிதானாம். நம்ம சட்டை மாதிரி நைலான் துணி உரசுனா பொறி பறக்குமாம். இரும்பும் உள்ள போகக் கூடாதாம். நாம குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தரையில கரகரன்னு இழுத்துட்டுப் போறோமே, அப்பத்தான கத்துறாரு?

லட்சுமிகாந்தம்: ம்...

அருணாதேவி: வீட்டுல இருந்து அவர் வேட்டிய வாங்கிட்டு வந்து கட்டிவிட்டேன். ஸ்டாண்டைத் தூக்கிட்டுப் போறேன். நாலு நாளா ஒரு சத்தம் இல்ல. நேத்து ரெண்டு இட்லி முடிச்சுட்டு இன்னொண்ணுக்குக் கையை நீட்டுறாரு.

லட்சுமிகாந்தம்: சட்டை சரி, ஸ்டாண்டு சரி. ஆள் மேல கை வச்சது?

அருணாதேவி: அதுக்குத்தான்க்கா போனேன். அறைக்கு நாலு பேருதான்னு அங்கன சட்டமாம். அஞ்சாவது ஆள் நுழைஞ்சா, முதலாளியா இருந்தாலும் இவரே பிடிச்சு வெளிய தள்ளுவாராம். ஒரு தடவை பக்கத்து அறை வெடிச்சப்ப, வாசல்ல முட்டிக்காம நாலு பேரும் தப்பிச்சது அதனாலதானாம்.

லட்சுமிகாந்தம்: பிடிச்சு வெளிய தள்ளுவாரா?

அருணாதேவி: டாக்டர் ரவுண்டு வந்த அன்னைக்கு நான் இல்ல. நம்ம நர்சு ஆர்த்தியத்தான் அடிச்சாருன்னு எல்லாரும் சொல்றாக. அவளக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கா. உள்ள எத்தனை பேருக்கா இருந்தீக?

லட்சுமிகாந்தம்: டாக்டர்... ஆர்த்தி... ஆயாம்மா. பெத்தணனைச் சேர்த்தா நாலு.

அருணாதேவி: நாலுதானா? அப்ப... மாரித்தாயம்மா சொன்னது ஒத்துவரலையேக்கா.

லட்சுமிகாந்தம்: காலையில அரை மணி நேரம் நீ அவர்கூட இரு. உன் மாத்திரை ரவுண்டை நான் பார்த்துக்கிறேன்.

அருணாதேவி: அக்கா?

லட்சுமிகாந்தம்: மத்தவுக வீட்டுக்கும் போன் போட்டுக் கேப்போம். யாரு, என்ன வேலை பார்த்தாக, எதுக்குப் பயப்படுவாக... நோட்டுல முதப் பக்கம் அதுதான் இருக்கணும்.

அருணாதேவி: நாளைக்கு அவரு போகணுமேக்கா.

லட்சுமிகாந்தம்: போக மாட்டாரு. மேனேஜர்கிட்ட நான் பேசுறேன்.

அருணாதேவி: அடிச்சாருன்னு எழுதியிருக்கே. அதை எப்படி மாத்துவீக?

லட்சுமிகாந்தம்: எழுதுனவளே மாத்தணும். நீ நாலு பொய் எழுதியிருக்க, நான் ஒண்ணு. கடைசியா, அஞ்சாவது ஆளா உள்ள நுழைஞ்சது நான்தான் அருணா... கட்டில்ல இருந்தே இடது கையால வாசப்பக்கம் தள்ளுனாரு, டாக்டர் முன்னால மல்லாக்க விழுந்துட்டேன். அவமானம் தாங்காம அடிச்சாருன்னு எழுதி, ஆர்த்தி வாயையும் அடைச்சுட்டேன். பாவி மனுசன், என்னைய உசுரோட வெளிய அனுப்பிட்டோம்னு நினைச்சுக்கிட்டுல்ல கட்டுப்பட்டுக் கிடந்திருக்காரு.