தெத்துப்பல்லின் தடம்

மேடையில் வீற்றிருக்கும் பதிப்பாளர் ஐயா அவர்களே, அக்காவின் கணவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் காவல் ஆய்வாளர் அம்மா அவர்களே, அழுது வீங்கிய முகத்தோடு வந்திருக்கும் வாசகத் தோழிகளே, வணக்கம்.

துப்பறியும் கதையின் அரசி, நம் தெத்துப்பல் அக்கா போய்விட்டார். மாடிப்படியில் தவறி விழுந்தாராம்!

அவருக்கு முன்னால் துப்பறியும் கதையில் பெண்ணுக்கு என்ன வேலை? முதல் பக்கத்தில் தலைகூடக் கலையாமல் செத்துக் கிடப்பாள். துப்பறிகிறவர் குனிந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார். அக்கா அந்தப் பிணத்தை எழுப்பிக் கையில் இரும்புக் கம்பியைக் கொடுத்தார்! அவருடைய பெண்களுக்கு மூக்கு உடையும், நகம் பெயரும். துப்பறிகிறவளும் பெண், குத்து விட்டால் அவள் விரல்முட்டியும் வீங்கும்.

"பொம்பள கை ஓங்குற கதையை யாரும்மா வாங்குவாங்க?" என்றார் பதிப்பாளர் ஐயா.

"அடி வாங்கினவங்க எல்லாரும் வாங்குவாங்க சார்" என்றார் அக்கா.

வாங்கினார்கள்! ஐயா தலைகுனிந்து சிரிக்கிறார், பாருங்கள்.

செய்து பார்க்காத அடியை அக்கா எழுதியதில்லை. நான் அவருடைய பிழை திருத்துநர் என்பதால் பாதி அடி எனக்கு. ஒருநாள் அச்சகத்தில் வைத்து, "பின்னாலேருந்து என் கழுத்தை நெரிடி" என்றார்.

"போங்கக்கா, பயமா இருக்கு."

"நெரிடின்னா!"

நெரித்தேன். முன்கையில் பல் இறங்கியது. ரத்தம் கொட்ட நான் அலறினேன். "மன்னிச்சுக்கோ கண்ணு, காட்சி சரியா வந்துடுச்சு" என்று சிரித்தார். அதன்பிறகு அவர் கதையில் எந்தப் பெண்ணும் கொன்றவனைக் கடிக்காமல் செத்ததில்லை.

அந்த வடு இதோ. பல்வரிசைக்கு மேலே விலகி ஒற்றைப் பள்ளம் தெரிகிறதா? அதுதான் தெத்துப்பல்.

அக்காவின் கணவர் அவர்களே, உங்கள் முன்கையில் என்ன கட்டு? சாவு வீட்டில் கேட்டேன். "நாய் கடிச்சிடுச்சும்மா" என்றீர்கள். எந்த நாய்? அக்காவின் கழுத்தில் கன்றிப்போன விரல் தடத்தை நான் பார்த்தேனே! மாடிப்படிக்கு விரல் உண்டா? காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். "துக்கத்துல கதை கட்டாதீங்கம்மா" என்று எழுத்தர் அனுப்பிவிட்டார்.

எங்கே எழுந்துவிட்டீர்கள், அக்காவின் கணவர் அவர்களே? உட்காருங்கள். வாசல் நிறைய அக்காவின் வாசகிகள் நிற்கிறார்கள்.

அக்கா, உங்கள் கதையில் கொன்றவன் தப்பியதில்லை. நாங்கள் உயிரோடு இருக்கும்வரை இந்தக் கதையிலும் தப்பமாட்டான். இது எங்கள் உறுதி.

ஆய்வாளர் அம்மா, மேலே வாருங்கள். அந்தக் கட்டை அவிழுங்கள். பக்கத்தில் என் கையை வைக்கிறேன்.