வருசம் முழுக்க இருக்கக்கூடிய ஊர்

– குவாந்தான் சரிவராது. அடுத்ததச் செல்லுங்க.

– ஏன்? நேத்து நல்ல ஊர் எண்டுதானே சொன்னனீ.

– நேத்து மழ விஷயம் தெரியாதே. மகன் அஹ்னாப் ஃபோன்ல கோல் எடுத்தான். நவம்பர் பொறந்தா கடல் எழும்பி நிக்குமாம். மாசக்கணக்கா ஊட்டுக்குள்ளதானாம். கோலாலம்பூர்ல வேல செய்யிற புள்ள, அவனுக்குத் தெரியாததா?

– மழை இஞ்ச திகனயிலயும் பெய்யுதுதானே, மஸாஹிரா.

– இது நமக்குத் தெரிஞ்ச மழ. நாலு நாள் சுத்திப் பாக்கப் போறவங்களுக்கு குவாந்தான் சரி. வருசம் முழுக்க ஈக்க ஏலா.

– அது சரி. அப்ப போர்ட் டிக்சன்?

– அத முந்தநாளே வெட்டியாச்சே! வெள்ளிக்கிழம பின்னேரம் சனம் வந்து கொட்டுதாம். ஞாயித்துக்கிழம போனா தெருவுல ஒரு பூனையும் இல்லியாம். கடையும் பாதி பூட்டு. அது ஊரா? கலியாணம் முடிஞ்ச பந்தல்.

– பினாங்கு?

– முப்பதாம் மாடில நின்டு கடலப் பாக்க நான் என்ன காகமா?

– ஒரு மாதமா அசர் தொழுதிட்டு இந்த மேசையில வந்து இருக்கிறம். நீ ஒவ்வொரு ஊரா வெட்டுறாய். இனி மலேசியாவில கடற்கரை மிச்சமில்லை.

– நீங்க கேக்கிறீங்க, நான் செல்றேன். கேக்காம உட்டா நான் ஏன் வாயத் தொறக்கிறேன்? தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

– குடிக்கிறன்.

– தண்ணிதான் பாக்கணும்னா விக்டோரியா அணைக்கட்டுக்குப் போங்களேன். த்ரீவீலர்ல ஏறினா வந்திடும்.

– அது மறிச்சு வைச்ச தண்ணி.

– அப்ப கடல்தான் வேணும்னா ஒங்கட யாழ்ப்பாணம். சோனகத் தெருவுக்கே போய் ஈங்களேன். இப்ப யாரு வேணான்டு செல்றது?

– போய்ப் பாத்தனாங்கள்தானே. வாப்பான்ர வளவில கிணறு மட்டும் நிண்டது. உள்ளுக்குப் பூவரசு முளைச்சிருந்தது.

– கிணறு ஈந்தா ஊட்டக் கட்டலாம்.

– கட்டலாம். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் எங்கட சோனக ஆக்கள் எல்லாரையும் ரெண்டு மணித்தியாலத்தில எழும்பிப் போங்கோ எண்டு சொன்ன இடம். அந்தக் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தால் என்னால தேத்தண்ணி குடிக்க ஏலாது. எனக்கு வேற ஒரு கடல் வேணும். என்னை ஆரெண்டு தெரியாத கடல்.

– இப்பிடி கதைப் புஸ்தகம் மாதிரிப் பேசினா எனக்கி விளங்காது. கணக்கு மாஸ்டர்தானே நீங்க? இஸ்கோல்ல புள்ளைகளுக்கு செல்லிக்குடுத்த மாதிரி செல்லுங்க.

– விளங்கிற மாதிரிச் சொல்லுறன். மேல பெயின்ட் அடிக்கிறானே, அந்த பாஸ், காலமை கேட்டான், 'சேர், சுவருக்கு என்ன கலர்' எண்டு. பொறு, கேட்டுச் சொல்லுறன் எண்டன்.

– சரிதானே. மக இல்மாட அறைக்கி இல்மாக்கிட்டதானே கேக்கணும்.

– அவன் பிரஷைக் கீழ வைச்சிட்டு என்னைப் பாத்தான். 'சேர் இங்க வாடகைக்கா?' எண்டான்.

– யா அல்லாஹ்! நீங்க என்ன செல்லீட்டீங்க?

– ஓம் எண்டன்.

– ஓம்னா?

– முப்பத்திரண்டு வருசமா எண்டன். அவன் அதிசயப்பட்டுப் போனான். இவ்வளவு காலம் ஒருத்தரையும் எழுப்பாத வீட்டுக்காரர் எண்டால் நல்ல மனுசராத்தான் இருக்கவேணும் எண்டான்.

– மானம் போச்சி. அவன் கீழ எறங்கி பூராத் தெருவுக்கும் செல்லுவான்.

– சொல்லட்டும். நானும் அவனும் நல்லாச் சிரிச்சம். பிறகு அவன் அடிக்கப் போயிட்டான். நான் படியில கொஞ்ச நேரம் இருந்தன்.

– இந்த ஊட்டுல ஒங்களுக்கு என்ன கொற வெச்சோம்? செல்லுங்க பாப்பம். வாப்பா ஒங்கள ஒரு நாள் பேர் செல்லிக் கூப்புட்டாங்களா? கடைசி மூச்சு மட்டும் மாப்பிள்ள, மாப்பிள்ள.

– அதைத்தான் நானும் சொல்லுறன்.

– என்ன?

– கடைசி மட்டும் மாப்பிள்ளை. நான் குறை சொல்லேல்லை, மஸாஹிரா. அகதியா ஒரு பையோட வந்தவனுக்குப் பொம்பிளையும் தந்து வீடும் தந்த மனுசன். சீதன வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து ஏறுறது எங்கட ஆக்களில எல்லா இடமும் உள்ளதுதான். ஆனா யோசிச்சுப் பார். முதல் அது மாமான்ர வீடு. பிறகு உன்ர வீடு. வாற மாதம் நிக்காஹ் முடிய இல்மான்ர வீடு. அவளின்ர மாப்பிள்ளை ருஷ்தி மேல் அறைக்கு ஏறுறான், நாங்கள் குசினிக்குப் பக்கத்து அறைக்கு இறங்கிறம். முதல் மாமனாருக்கு மாப்பிள்ளை. இனி மருமகனுக்கு விருந்தாளி.

– ருஷ்தி தங்கமான புள்ள.

– அதுதான் கஷ்டம். கூடாதவன் எண்டால் சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கலாம். போன கிழமை வந்தவன் கதிரையில இருக்காமல் நிண்டான். இருங்கோ மகன் எண்டன். 'பரவாயில்ல மாமா, உங்கட ஊடு, நீங்க முதல்ல இருங்க' எண்டான்.

– மரியாதையான புள்ளன்டுதானே நானும் செல்றேன்.

– ஓம். எனக்கு அவனைப் பாக்கப் பாவமா இருந்தது. என்ர முதல் கிழமை ஞாபகம் வந்தது. இந்த வீட்டில தண்ணி குடிக்கிற கிளாஸ் எங்க இருக்கு எண்டு கேக்க வெக்கப்பட்டு, பள்ளிவாசலுக்குப் போய்த் தண்ணி குடிச்சனான்.

– இத ஏன் எனக்கி ஒரு நாளும் செல்லல்ல?

– சொல்லி? நீ எடுத்துத் தந்திருப்பாய். அவ்வளவுதான்.

– கிளாஸத் தாங்க. இன்னும் கொஞ்சம் ஊத்துறேன்.

– இன்னும் ஒரு ஊர் இருக்கு. கடைசி. லுமுட்.

– மகன் சென்ன லுமுட்டா? என்ன பேரோ அது.

– சின்ன ஊர். முன்னால தீவு ஒண்டு நிக்குது, அதால பெரிய அலை வராது. பின்னேரத்தில படகுகள் தீவுக்குப் போய்ப் போய் வரும். பள்ளி நடந்து போற தூரத்தில. கடை எல்லா நாளும் திறந்திருக்குமாம்.

– நேவி கேம்ப் ஒண்டும் ஈக்காமே. அஹ்னாப் சென்னான்.

– அது அவங்கட நேவி. எங்களுக்கென்ன?

– ஒங்கட சுகருக்கு ஆஸ்பத்திரி?

– இருக்கு.

– கறிவேப்பில?

– தமிழாக்களின்ர கடை ஒண்டு இருக்காம்.

– காகம்?

– அது எல்லா ஊரிலயும் இருக்கும்.

– சரி.

– என்ன சரி?

– லுமுட் சரின்டு செல்றேன். எனக்கும் அலுத்துப் போச்சி, இல்மாட வாப்பா. ஒரு எடத்துல போய் விழுவோம். ஊடு எப்பிடி?

– வீடு எண்டு இல்லை. ஒரு அறை, ஒரு குசினி. சன்னலைத் திறந்தால் கடல் தெரியும். அஹ்னாப் வாடகை குடுக்கிறானாம், வேண்டாம் எண்டிட்டன். என்ர பென்சன்ல நானே குடுக்கிறன். கதவில என்ர பேர், ஸெய்னுலாப்தீன் எண்டு ஒரு பலகை. அவ்வளவும் போதும்.

– ஒரு அறையா? அப்ப உம்மாட அலுமாரிய எங்க வெக்கிற?

– அதை ஏன் கொண்டு போறது? அது இஞ்சதானே நிக்கும்.

– அது இங்க நின்டா என்ட உடுப்ப எங்க வெக்கிற? பைக்குள்ளயா?

– மஸாஹிரா. உன்ர உடுப்பும் இஞ்சதானே.

– என்ன செல்றீங்க?

– நான் ஒராளுக்குத்தான் பாத்தனான். துவக்கத்தில இருந்தே. கோவிச்சுக்கொண்டு போறன் எண்டு நினையாத. ஒவ்வொரு நோன்புக்கும் வருவன்.

– ஒரு மாசமா என்னக் கேட்டுக் கேட்டு ஊர் பாத்தீங்களே. ஏன் கேட்டீங்க?

– பழக்கம். இந்த வீட்டில உன்னைக் கேளாமல் நான் ஒரு திரைச்சீலையும் மாத்தினதில்லை. போறதுக்கும் கேட்டுத்தானே போகவேணும்.

– நான் மழ பாத்தது, சனம் பாத்தது, ஆஸ்பத்திரி பாத்தது, எல்லாம் எனக்கும் சேத்து.

– நீ வருவாய் எண்டு நான் நினைக்கேல்லை. உன்ர உம்மா கடைசி மட்டும் உன்னோடதான் இருந்தவ. இல்மாவுக்கு நாளைக்குப் பிள்ளை குட்டி எண்டால் நீ இஞ்ச வேணும். இந்த வீட்டு வாசலை விட்டு நீ எங்க இறங்கப்போறாய்?

– கேட்டீங்களா?

– கேட்டாலும் நீ–

– ஒரு தரம் கேட்டீங்களா?

– இல்லை.

– நான் பொறந்த ஊடு இது. வளந்ததும் இதுல, நிக்காஹும் இதுல, ரெண்டு புள்ளயும் இதுல. இன்னொரு ஊட்டுப் படியில நான் மருமகளா கால் வெச்சதில்ல. கூட்டாளிமாரு ஒண்டு சேந்து மாமியார ஏசுவாங்க. எனக்கிப் பொறாமையா ஈக்கும், தெரியுமா?

– மாமியாரை ஏசுறதுக்கோ பொறாமை?

– சிரிக்காதீங்க.

– சிரிக்கேல்லை.

– ஒங்கட உம்மா புத்தளத்து முகாம்ல மௌத்தாப் போனாங்க. நான் மொகத்தையும் காணல்ல. உப்பு கூடிப்போச்சின்டு எனக்கி ஒரு பொம்புளையும் ஏசினதில்ல. எனக்கும் இது வாப்பாட ஊடுதான். நான் இதுல இன்னும் பொட்டப் புள்ளதான், அறுபது வயசு நெருங்கிற பொட்டப் புள்ள. ஒங்களுக்கு மட்டும்தான் அலுப்புன்டு நெனச்சீங்க.

– இல்மா படியில வாறா. மெதுவாக் கதை.

– வரட்டும். அஹ்னாபுக்கு இப்பவே கோல் எடுங்க. ரெண்டு பேருக்கு பாக்கச் செல்லுங்க, கடல் தெரியாட்டியும் காரியமில்ல. நீங்க முந்திப் போங்க. ஒங்கட கதவத் தொறந்துகிட்டு நில்லுங்க. நான் பையோட வந்து வெளிய நிப்பேன். என்ன உள்ளுக்கு வான்டு ஒருக்கா கூப்புடுவீங்களா?